பழைய ஏடும் இன்றைய சொல்லும்

அனலைதீவிலே வாழும் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போவதாயின் முதலிற் கடலைக் கடத்தல் வேண்டும். நமது தீவிலே நீதிமன்றம் இல்லை; ஊர்காவற்றுறையிலேதான் உண்டு. காலைப் படகைத் தவறவிட்டவர் வழக்கையும் தவறவிட்டவராவார். வழக்கைத் தவறவிட்டவருக்குப் பிடியாணை பிறக்கும். போனவரும் அன்றைக்கே வழக்கு முடிந்து திரும்புவார் என்பதற்கு உறுதியில்லை. தவணை என்றொரு சொல் உண்டு. ஒரு நாட் தொழிலை இழந்து, போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் சட்டத்தரணிக்கும் காசு கொடுத்துவிட்டு, மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவருக்குத்தான் அந்தச் சொல்லின் முழுப் பொருளும் விளங்கும்.

இதனால் நமது தீவிலே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. சிறு குற்றமொன்றுக்காகக் கூண்டிலே ஏற்றப்பட்டு, "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்கப்பட்டால், ஏழை மனிதன் "குற்றவாளி" என்று சொல்லிவிட்டுத் தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுவான். குற்றத்தை அவன் உண்மையிலே செய்தானா என்பது அந்த நேரத்திலே இரண்டாவது கேள்வியாகிவிடுகிறது. சுற்றவாளி என்று சொன்னால் நாலு தவணை. குற்றவாளி என்று சொன்னால் ஒரு தவணை. நாலு தவணைக்கு ஆகும் செலவு தண்டப்பணத்திலும் அதிகம். எழுத்தறியாதவனும் இந்தக் கணக்கை விரலால் எண்ணிப் பார்த்து விடுகிறான்.

ஆனால் அந்த ஒரு சொல் அத்தோடு கரைந்து போவதில்லை. அது ஏட்டிலே பதிகிறது. பத்து ஆண்டுகள் கழித்து வேறொரு வழக்கிலே, "இவன் சொல்லை நம்பலாமா?" என்ற கேள்வி எழும்போது அந்த ஏடு திறக்கப்படுகிறது. ஒருவன் முன்னர் தண்டிக்கப்பட்டவன் என்பதைக் காட்டி, இன்று அவன் சத்தியம் செய்து கூறும் சொல்லை மதிப்பிழக்கச் செய்வது நீதியாகுமா என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது அயலிலே வாழும் கடற்றொழிலாளி ஒருவர்மீது, மற்றொருவரின் வள்ளத்து இயந்திரத்தைக் களவாடியதாக வழக்கு வந்தது. பெயர் வேண்டாம். அவர் இன்றும் தொழிலுக்குப் போகிறார். அவருடைய பிள்ளைகள் நாம் படிப்பிக்கும் வகுப்பிலே இருக்கிறார்கள். களவு நடந்ததாகச் சொல்லப்பட்ட இரவிலே தாம் வீட்டு வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். கூட இருந்தவர் மைத்துனர். உறவினரின் சாட்சியத்துக்கு நீதிமன்றத்திலே கிடைக்கும் மதிப்பு எவ்வளவு என்பதை யாவரும் அறிவர். ஆகவே வழக்கு முழுவதும் அவருடைய ஒரு சொல்லிலேயே தங்கியிருந்தது.

அவருக்கோ மூன்று பழைய குற்றத்தீர்ப்புகள் இருந்தன. ஒன்று கசிப்புப் போத்தல். அது தமையனுடையது என்பார். தமையன் பிள்ளைகுட்டிக்காரர் என்பதால் இவர் ஏற்றுக்கொண்டாராம். மற்றொன்று கோயிற் திருவிழாவிலே நடந்த கைகலப்பு. மூன்றாவது அனுமதிப்பத்திரம் இன்றிக் கடலட்டை பிடித்தமை. அனுமதிப்பத்திரம் அவரிடம் முன்னர் இருந்தது, காலாவதியானபின் புதுப்பிக்கவில்லை. மூன்றிலும் "குற்றவாளி" என்று கூறித் தண்டம் கட்டியிருந்தார்.

அவருடைய மனைவி ஒருநாள் மாலை நம்மிடம் வந்தார். "நீங்கள் கோட்டிலை வந்து ஒரு சொல்லுச் சொன்னாற் போதும் மாஸ்ரர். இவர் களவெடுக்கிற ஆளில்லை எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. உங்கடை சொல்லுக்கு அங்கை மதிப்பிருக்கு" என்றார். நமக்கும் அது நியாயமாகவே பட்டது. இருபது ஆண்டுகளாக அறிந்த மனிதரைப்பற்றி அறிந்ததைச் சொல்வதிலே என்ன தடை?

அவருக்காகத் தோற்றிய சட்டத்தரணி ஓர் இளம்பெண். நாம் சாட்சி சொல்ல வருவதாகக் கேட்டதும் திடுக்கிட்டுவிட்டார். "ஐயோ, வேண்டாம் மாஸ்ரர். நீங்கள் அவரை நல்ல மனிசன் எண்டு வாய் திறந்தியளெண்டால், அதுக்கு மறுமொழியாப் பொலிஸ் அவற்றை மூண்டு வழக்கையும் எடுத்து வைக்கலாம். இப்ப அந்தக் கதவு பூட்டிக் கிடக்கு. உங்கடை கையாலை திறந்து விடாதேங்கோ" என்றார்.

பின்னர் அவர் நமக்குச் சட்டத்தை விளக்கினார். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, குற்ற வழக்கிலே எதிரியின் கெட்ட நடத்தை ஏற்புடைய சான்று ஆகாது. ஆனால் எதிரி நல்ல நடத்தையுடையவர் என்று ஒரு சான்று அளிக்கப்பட்டவுடன் கெட்ட நடத்தையும் ஏற்புடையதாகிவிடும். முற்குற்றத் தீர்ப்பு கெட்ட நடத்தைக்குச் சான்று என்று அப்பிரிவின் விளக்கமே கூறுகிறது. ஆகவே ஊரார் அவரைப்பற்றி அறிந்த நல்லதை மறைத்தால்தான் ஏட்டிலுள்ள கெட்டதும் மறைந்திருக்கும். நூறு பேர் சாட்சி சொல்ல ஆயத்தமாயிருந்தும், நூறு பேரும் வாய் பொத்தியிருக்க வேண்டிய நிலை.

ஆனால் பூட்டப்பட்டது ஒரு கதவு மாத்திரமே. அதே கட்டளைச் சட்டத்தின் 120ஆம் பிரிவு எதிரியும் தமக்காகச் சாட்சிக் கூண்டேறலாம் என்கிறது. ஏறினால் மற்றச் சாட்சியைப் போலவே அவரையும் குறுக்கு விசாரணை செய்யலாம். 146ஆம் பிரிவு, சாட்சியின் நடத்தையைப் பழித்து அவருடைய நம்பகத்தன்மையைக் குலைக்கும் கேள்விகளுக்கு இடமளிக்கிறது. முன்னர் தண்டிக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்குச் சாட்சி இல்லையென்று மறுத்தால், அத்தீர்ப்பைக் கொண்டுவந்து மெய்ப்பிக்க 153ஆம் பிரிவு வழிவிடுகிறது. எதிரியே சாட்சியாக நிற்கும்போது, அவருடைய நம்பகத்தன்மை பற்றிய கேள்விகளை நீதிபதி தக்கவாறு மட்டுப்படுத்தலாம் என்றொரு பாதுகாப்பு 120ஆம் பிரிவிலே வைக்கப்பட்டிருக்கிறது. "மட்டுப்படுத்தல் வேண்டும்" என்று அங்கே இல்லை. "மட்டுப்படுத்தலாம்" என்றே இருக்கிறது. ஒரு மனிதனின் விடுதலை அந்த ஒரு விகுதியிலே தொங்குகிறது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்தல் நன்று. இது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைப் பெரும்பாலும் பின்பற்றி ஆக்கப்பட்டது. அதனை வரைந்தவர் அக்காலத்திலே இந்திய ஆட்சி மன்றத்தின் சட்ட உறுப்பினராயிருந்த ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அவர் வரைந்த முதல் வடிவத்திலே 54ஆம் பிரிவு இன்றுள்ளவாறு இருக்கவில்லை. எதிரி முன்னர் எந்தக் குற்றத்துக்காகவேனும் தண்டிக்கப்பட்டிருந்தால், அது நேரடியாகவே ஏற்புடைய சான்று என்று அங்கே எழுதப்பட்டிருந்தது. கத்தரிக்காய் திருடியதற்காக ஒருமுறை தண்டிக்கப்பட்டவன் கொலை வழக்கிலே நின்றாலும் அந்தக் கத்தரிக்காய் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். 1891இலேதான் அது திருத்தப்பட்டது. நாம் 1895இலே பெற்றது அந்தத் திருத்திய வடிவத்தை.

அதே ஸ்டீபன் சட்ட உறுப்பினராக இருந்த காலத்திலேதான், 1871இல், குற்றப் பரம்பரைச் சட்டமும் இந்தியாவிலே நிறைவேறியது. தனி மனிதனின் பழைய தீர்ப்பு மாத்திரமல்ல, அவன் பிறந்த சாதியே அவனுக்கு எதிரான சான்று என்று சொன்ன சட்டம் அது. பின்னர் அது சென்னை மாகாணத்துக்கும் பரவியது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரிலே, கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற பிரமலைக் கள்ளர்மீது பொலிஸார் சுட்டனர்; பலர் மாண்டனர். இந்தியா முழுவதிலும் அச்சட்டம் ஒழிய 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவனுடைய இன்றைய செயலை அவனுடைய பதிவேட்டைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்ற எண்ணம் இரு சட்டங்களுக்கும் பொதுவானது என்பது நமது கருத்து.

இடையிலே ஒரு செய்தி. ஸ்டீபனுடைய தம்பி மகள்தான் எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ப். அவரை மணந்த லெனாட் வூல்ப் 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்திலே குடியேற்ற அரசின் உத்தியோகத்தராக இருந்தவர். தென்னிலங்கைக் கிராமமொன்றைப்பற்றி அவர் 1913இல் வெளியிட்ட நாவலிலே, எளிய கிராமத்தான் ஒருவன் பொய்ச் சாட்சியத்தினால் களவுக் குற்றவாளியாகத் தீர்க்கப்படுகிறான். நீதிமன்றத்திலே ஏழையின் சொல் எவ்வாறு காற்றிலே போகிறது என்பதை, நீதவான் ஆசனத்திலே இருந்து பார்த்தவரே எழுதியது அது.

நம் அயலவரின் ஏட்டுக்குத் திரும்புவோம். அதை எண்ணுந்தோறும் நமக்கு ஒரு வியப்பு. அவர் நீதிமன்றத்திலே மூன்று முறை பேசியிருக்கிறார். மூன்று முறையும் "குற்றவாளி" என்றார். மூன்று முறையும் நீதிமன்றம் ஒரு கேள்வியும் கேட்காமல் அவரை நம்பியது. போத்தல் யாருடையது, அடிதடியை யார் தொடங்கினார், பத்திரம் ஏன் புதுப்பிக்கப்படவில்லை என்று எவரும் துருவவில்லை. நாலாம் முறை "சுற்றவாளி" என்கிறார். இப்போதுதான் அவருடைய சொல்லை நம்பலாமா என்ற கேள்வி பிறக்கிறது. நம்பக்கூடாது என்பதற்குக் காட்டப்படுவதோ, முன்னர் நம்பப்பட்ட அந்த மூன்று சொற்கள்! அவர் பொய் சொன்னதாக அந்த ஏட்டில் எங்கும் இல்லை. கட்டணம் கொடுத்து வழக்காட முடிந்தவருடைய ஏடு இதே ஊரிலே வெறுமையாகக் கிடக்கிறது. அவர் சொல் நிறைபெறுகிறது.

நாம் பள்ளிக்கூடத்திலே "புலி வருகிறது" என்று பொய்க்கூச்சலிட்ட சிறுவனின் கதையைச் சொல்லிக்கொடுக்கிறோம். பொய் சொல்லாதே என்பது சிறுவனுக்குரிய பாடம். ஆனால் கடைசி முறை புலி உண்மையாகவே வந்தது என்பதை ஊராருக்கு யார் படிப்பிப்பது? இதை ஒருநாள் பத்தாம் வகுப்பிலே கேட்டுவைத்தோம். ஒரு மாணவி, "அப்ப ஊர்ச்சனம் பெடியனைப் பாக்காமல் காட்டைப் பாத்திருக்க வேணும் சேர்" என்றாள். சான்றுச் சட்டத்தின் நூற்றறுபது சொச்சப் பிரிவுகளிலும் நாம் தேடிய விடை அவளுடைய வாயிலிருந்து வந்தது.

சட்டத்தரணி இறுதியிலே என்ன செய்தார்? எதிரியைச் சாட்சிக் கூண்டிலே ஏற்றவில்லை. எதிரிக் கூண்டிலிருந்தபடியே, சத்தியமின்றி ஒரு கூற்றைச் சொல்லவைத்தார். இந்த உரிமை நமது நாட்டு நீதிமன்றங்களிலே நெடுநாளாக வழங்குவது. பண்டாரநாயக்கா கொலை வழக்கின் மேன்முறையீட்டிலே, 1962இல், அது உறுதிப்படுத்தப்பட்டது. அவ்வாறு சொல்பவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஆகவே ஏடும் திறக்கப்படாது. ஆனால் அதற்கும் விலை உண்டு. சத்தியத்தின்மீது சொல்லப்படாதது, குறுக்கு விசாரணையால் சோதிக்கப்படாதது என்ற குறை அந்தக் கூற்றுக்கு உண்டென்பதை மனத்திற்கொண்டே அதை மதிப்பிடல் வேண்டும் என்று 1968இல் குலரத்ன வழக்கிலே கூறப்பட்டது. ஆக, பழைய ஏடுள்ள ஏழைக்கு முன்னே இரண்டு பாதைகள்: சத்தியம் செய்து சொன்னால் ஏட்டைக் காட்டி நம்பமாட்டார்கள், செய்யாமற் சொன்னால் சத்தியம் செய்யவில்லை என்பதால் அரைகுறையாக நம்புவார்கள்.

வழக்கு எதிர்பாராத விதமாக முடிந்தது. இயந்திரத்தின் சொந்தக்காரர் களவு நடந்த நாளை இருவேறு விதமாகச் சொல்லி மாட்டிக்கொண்டார். நம் அயலவர் விடுதலையானார். வெளியே வந்தபோது அவருடைய முகத்திலே நாம் எதிர்பார்த்த மகிழ்ச்சி இல்லை. "நான் சொன்னதை ஒருத்தரும் கேக்கேல்லை மாஸ்ரர். அவன் பிழையாச் சொன்னதாலை என்னை விட்டினம்" என்றார்.

ஊர்காவற்றுறை நீதிமன்றத்திலே இந்த ஏட்டுக் கணக்கு இன்னொரு கூட்டத்தாரையும் வளைத்துப் பிடித்திருக்கிறது. அவர்கள் இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வரும் மீனவர்கள். அவர்களுடைய இழுவைப்படகுகளால் நமது தீவகத்து வலைகள் அறுந்து போவதையும், கடலடி வாரிச் சுரண்டப்படுவதையும் நாம் மறைக்கவில்லை. அந்த வேதனை நமது வீட்டு வேதனை. இழுவைமடித் தொழிலை நமது நாடு 2017இலே சட்டத்தால் தடைசெய்ததும், அந்நியப் படகுகளுக்கான தண்டத்தை 2018இலே உயர்த்தியதும் காரணமின்றி அல்ல. ஆயினும் கூண்டிலே நிற்பவர்களைப் பாருங்கள். பெரும்பாலோர் நாட்கூலிக்கு ஏறி வந்தவர்கள். முதன்முறை பிடிபட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு ஊருக்கு அனுப்பப்படுவது பல ஆண்டு வழக்கம். அவருக்கு அந்த ஒப்புதல் வீடு திரும்பும் பயணச்சீட்டு. மறுமுறை பிடிபட்டால் அதே சீட்டு சிறைக்கதவைத் திறக்கிறது. 2024 பெப்ரவரியிலே படகோட்டிகள் இருவருக்கு ஆறு மாதமும், முன்னரும் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு ஓராண்டும் சிறை விதிக்கப்பட்டபோது, இராமேஸ்வரத்து மீனவர்கள் அவ்வாண்டின் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவையே புறக்கணித்தார்கள்.

குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின், தண்டனையை அளக்கும் நேரத்திலே பழைய தீர்ப்பைப் பார்ப்பதை நாம் ஒரேயடியாகத் தவறென்று கூறவில்லை. நம் ஐயம் அதற்கு முந்திய கட்டத்தைப் பற்றியது. 1974இலும் 1976இலும் வரையப்பட்ட எல்லைக்கோடு கடல்மீது கண்ணுக்குத் தெரிவதன்று. இயந்திரம் பழுதாகி நீரோட்டத்திலே இழுபட்டு வந்தவனும் உண்டு. கோடு தெரிந்தே மீன் தேடி வந்தவனும் உண்டு. முன்னர் ஒருமுறை "குற்றவாளி" என்று சொல்லிப் போனவன், இரண்டாம் முறை உண்மையாகவே இயந்திரம் பழுதாகி வந்து நின்றால், அவன் சொல்லை எவர் கேட்பார்? இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஏட்டைப் புரட்டுவது அதனிலும் எளிது.

பிற நாடுகளிலும் இந்த நோய் உண்டு. இங்கிலாந்திலே 1898ஆம் ஆண்டின் குற்றவியற் சான்றுச் சட்டம் எதிரிக்குச் சாட்சி சொல்லும் உரிமையைக் கொடுத்தபோது, பழைய குற்றங்களைப்பற்றிக் கேட்கக்கூடாது என்று ஒரு கேடயத்தையும் கொடுத்தது. ஆனால் எதிரி அரச தரப்புச் சாட்சிகளைப் பழித்தால் அந்தக் கேடயம் வீழ்ந்துவிடும். பொலிஸார் அடித்தார்கள் என்ற உண்மையைச் சொல்பவனே கேடயத்தை இழக்கும் நிலைக்கு ஆளாவான் என்பதைக் கவனிக்க. அந்தக் கேடயத்தையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் நெகிழ்த்திவிட்டது. ஐக்கிய அமெரிக்காவிலோ, 1975 முதல் நடைமுறையிலுள்ள கூட்டாட்சிச் சான்று விதிகளின் 609ஆம் விதி, எதிரியின் பழைய தீர்ப்புகளை அவருடைய நம்பகத்தன்மைக்கு எதிராகக் கொண்டுவர வழிசெய்கிறது. கூண்டேறினால் அவை வெளிவரும் என்று நீதிபதி கூறிவிட்டால், பலர் கூண்டேறாமலே மௌனமாகிவிடுகிறார்கள். அவ்வாறு மௌனமானவர் அந்த உத்தரவு தவறென்று மேன்முறையீட்டிலே வாதாடவும் முடியாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1984இலே லூஸ் வழக்கில் தீர்த்தது. இதற்கு மாறாக, ஹவாய் மாநில உச்ச நீதிமன்றம் 1971இலேயே, எதிரியின் சொல்லை மதிப்பிழக்கச் செய்யப் பழைய தீர்ப்பைப் பயன்படுத்துவது நியாயமான விசாரணைக்கு முரணானது என்று அதனைத் தள்ளிவிட்டது. ஆகவே இது நடக்காத காரியம் அன்று.

பொய்ச் சத்தியம் செய்ததற்காகவோ, கள்ளக் கையெழுத்து வைத்ததற்காகவோ தண்டிக்கப்பட்டவனைப்பற்றி என்ன சொல்வது என்று நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அத்தகைய தீர்ப்பு சொல்லின் நேர்மையோடு தொடர்புடையது. அதனை ஒரு நியாயமான காலவெல்லைக்குள் பார்க்கலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. கசிப்புப் போத்தலுக்கும் சத்தியத்துக்கும் என்ன தொடர்பு? திருவிழாக் கைகலப்பு அவனைக் கோபக்காரன் என்று காட்டலாம். பொய்யன் என்று எப்படிக் காட்டும்?

நடத்தையைக் காட்டிச் சொல்லைக் கொல்லும் இந்தக் கருவி எதிரியின்மீது மாத்திரம் பாய்வதன்று. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் முறைப்பாடு செய்தால், அவளுடைய ஒழுக்கத்தைப் பழித்து அவள் சொல்லைப் பொய்யாக்கலாம் என்று இந்தியச் சான்றுச் சட்டத்தின் 155ஆம் பிரிவிலே ஒரு வாசகம் இருந்தது. பெண்கள் இயக்கங்கள் நெடுநாள் போராடியபின் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அது நீக்கப்பட்டது. அந்தப் பெண்ணுக்காகக் குரல் கொடுத்தவர்களிற் சிலர், ஏழை எதிரியின் ஏடு திறக்கப்படும்போது மௌனமாயிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். இரண்டிலும் பாய்வது ஒரே கத்திதான்.

ஏட்டிலே யார் பெயர் இருக்கிறது என்பதையும் பேசாமல் விடலாகாது. நாம் கண்ட வரையில் அது சீவற்றொழிலாளியின் பெயர், கடலுக்குப் போகிறவனின் பெயர், கூலியாளின் பெயர். நமது சமுதாயம் எந்தச் சாதியாரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திற்றோ, அவர்களுடைய பெயர்களே பொலிஸ் பதிவிலும் முன்வரிசையில் நிற்கின்றன. மதுவரிக்காரர் தேடிப்போவது பெரிய வளவுகளை அல்ல. சாராயத்தைச் சட்டப்படி விற்பவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டு. குடிசையிலே ஒரு போத்தல் வைத்திருந்தவனுக்குக் குற்றத்தீர்ப்பு உண்டு.

எதிரி சாட்சிக் கூண்டேறும்போது, சொல்லின் நேர்மையோடு தொடர்பில்லாத பழைய தீர்ப்புகளைக் கேட்கக்கூடாது என்று 120ஆம் பிரிவிலே வெளிப்படையாக எழுதப்படல் வேண்டும். கூண்டேறுவதா இல்லையா என்று அவர் முடிவு செய்யுமுன்னரே, எவை கேட்கப்படலாம் என்பதை நீதவான் அறிவித்தல் வேண்டும். அந்த இளஞ் சட்டத்தரணி இப்போதெல்லாம் ஒவ்வொரு வழக்கிலும் அவ்வாறு முற்கூட்டியே விண்ணப்பம் செய்கிறாராம். சில நாள் பலிக்கிறது, சில நாள் பலிப்பதில்லை என்கிறார். இன்னொன்றும் உண்டு. சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்டது. ஆனால் சிறு தண்டத்தோடு போய்விடும் என்று எண்ணுகிறவன் அதன் கதவைத் தட்டுவதில்லை. அவன் "குற்றவாளி" என்று சொல்லுமுன், அந்தச் சொல் பின்னர் எங்கெங்கே வந்து நிற்கும் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்திலே சட்டம் பயிலும் மாணவர்கள் இவ்விதழை வாசிக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். வழக்கு நாட்களிலே காலை எட்டு மணிக்கு நீதிமன்ற விறாந்தையிலே இருவர் வந்து அமர்ந்தாற் போதும். வர விரும்புவோர் நமக்கு எழுதலாம். தங்க இடமும் சாப்பாடும் தீவிலே கிடைக்கும்.